ஜூன் 15-க்கும் ஆகஸ்டுக்கும் நடுவில்

எங்கள் பாம்பன் கரையில் ஒரு பையன் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போவானா, கடலுக்குப் போவானா என்பது பெரும்பாலும் ஜூன் 15-க்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் முடிவாகிவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடியும். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில்தான் பத்தாம் வகுப்பு முடிவு வருகிறது, ஐ.டி.ஐ. விண்ணப்பமும் அப்போதுதான் போடுகிறார்கள். அப்பாக்கள் வீட்டில் இருப்பதால் உட்கார்ந்து பேசவும் நேரம் கிடைக்கிறது. விண்ணப்பம் போட்டாயிற்று, இடமும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்க ஆகஸ்ட் ஆகும். படகுகளோ ஜூன் நடுவிலேயே இறங்கிவிடும். தடைக்காலம் முடிந்த கையோடு மீன் நன்றாகப் படும். "வகுப்பு தொடங்கும்வரை சும்மா வந்து போகட்டும்" என்று படகின் உரிமையாளரான சம்மாட்டி கேட்பார். ஐஸ் உடைக்கவும் மீன் தரம் பிரிக்கவும் அவருக்கும் ஓர் ஆள் வேண்டும். மீன் விற்றதில் முதல் பங்குப் பணம் கையில் வந்த பையனை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகைக்காகச் சீருடை மாட்டிக்கொண்டு பரமக்குடிக்குப் பஸ் ஏறு என்றால் ஏறுவானா?

பாம்பனில் ஏ.சி., பிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இராமேஸ்வரம் லாட்ஜுகள், மண்டபம் பக்கத்து ஐஸ் பிளாண்டுகள், மீன் கம்பெனிகளின் குளிர்பதனக் கிடங்குகள் என்று வேலைக்குக் குறைவில்லை. ஐ.டி.ஐ.யில் குளிர்பதனப் பிரிவு இரண்டு வருடம், பிறகு சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் என்னும் தொழில் பழகுநர், பிறகு சில வருடம் வெளிநாடு, கடைசியில் ஊர். இந்தச் சரித்திரம் தெரு முழுக்கத் தெரியும் என்பதால் ஒவ்வொரு தடைக்காலத்திலும் யாராவது ஓர் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். "தம்பி, இதைப் படித்தால் சம்பளம் கூடுமா?" என்பதுதான் கேள்வி. கூடும் அக்கா, ஆனால் உடனே கூடாது. ஊரை விட்டு நகராமல் இருந்தால் அவ்வளவாகக் கூடாது என்பேன். யாருக்கும் பிடிக்காத பதில். ஆனாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் மாமா மகன் கதையைச் சொன்னால் விளங்கும். மச்சான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். இராமநாதபுரத்தில் ஒரு ஏ.சி. கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பிடித்தவர். நான் ஐ.டி.ஐ.யில் இரும்புத் துண்டை அரம் போட்டுச் சதுரமாக்கிக்கொண்டிருந்த நாளில் அவர் தனியாகப் போய் ஏ.சி.யின் காயிலை, அதாவது குழாய்ச் சுருளை, கழற்றி மாட்டிவிட்டு வருவார். நான் அப்ரண்டிஸ் முடித்தபோது அவரிடம் பைக் இருந்தது. என்னிடம் தீர்ந்துபோன பஸ் பாஸ் இருந்தது. கைத்திறமையிலும் அவர் எனக்கு மேல். கம்ப்ரசர் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, வால்வு போயிருக்கிறதா பேரிங் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இன்றைக்கும் எனக்கு அது வராது.

ஆக, முதல் சில வருடங்களில் பயிற்சி பெற்றவன் பின்தங்கித்தான் இருப்பான். இதை மறைத்துப் பேசுகிற ஆலோசகர்களை நம்ப வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட அப்ரண்டிஸ் விதிகளில் ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். "இரண்டு வருடம் படித்த பிள்ளைக்கு ஏழாயிரமா? நல்ல மீன்பாடு கிடைத்தால் என் வீட்டுக்காரர் ஒரு வாரத்தில் கொண்டுவருவாரே" என்று ஓர் அக்கா சிரித்தார். கணக்கு சரிதான். ஆனால் அது நல்ல வாரத்தின் கணக்கு. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. தடைக்காலத்தில் வருமானமே இல்லை. அரசு கொடுக்கும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்தால் பங்கு போட ஒன்றும் மிஞ்சாத நாளும் உண்டு. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் ஆளும் படகும் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. வாரத்தை வைத்துப் பார்க்காமல் வருடத்தை வைத்துப் பாருங்கள் என்று அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் வருடக் கணக்கு போட்டதில்லை. கடல்காரர் வீட்டில் யார்தான் போடுகிறார்கள்?

மச்சானுக்குச் சிக்கல் வந்தது அவருடைய முதலாளி கடையை மூடியபோது. பத்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர் மதுரை, திருச்சி என்று ஏறி இறங்கினார். போன இடத்தில் எல்லாம், "முதலில் ஹெல்பராகச் சேர், இரண்டு மாதம் பார்க்கலாம்" என்றார்கள். அவர் கையில் என்ன இருக்கிறது என்று பழைய முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். கரையில் நின்று கண்ணால் பார்த்தவன் மட்டும் விலை கேட்கும் மீனைப் போல அந்தத் திறமைக்குத் தூரத்தில் விலை இல்லை. அதே காலத்தில் நான் வேலை மாறியபோது, ஐ.டி.ஐ., அப்ரண்டிஸ் சான்றிதழ் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு நேராகச் சம்பளம் பேசினேன். என் திறமை அவர் திறமையைவிடக் குறைவு. என் பேரம் மட்டும் அவர் பேரத்தைவிட மேல்.

உகாண்டாவில் இதையே முறையாக ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டிருக்கிறார்கள். இளைஞர்களில் ஒரு பகுதியினரைத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினரை நேராகக் கடை, பட்டறைகளில் விட்டுப் பழக்கினார்கள். பட்டறையில் பழகியவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தது. ஆனால் அந்த ஆதாயம் நாளடைவில் கரைந்துபோனது. நிலையத்தில் படித்தவர்கள் தொடக்கத்தில் மெதுவாகப் போனாலும் வேலை மாறி மாறி மேலே ஏறினார்கள். அவர்கள் கற்றதை இன்னொரு முதலாளியிடம் காட்ட முடிந்தது என்பதே காரணம். படித்தபோது மச்சானும் நானும்தான் நினைவுக்கு வந்தோம்.

பயிற்சி நிலையம் எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். நான் படித்த காலத்தில் பட்டறையில் இருந்தவை பழைய விண்டோ ஏ.சி.க்கள். இப்போது லாட்ஜுகளில் மாட்டுவது பெரும்பாலும் ஆர்-32 வாயு நிரப்பிய ஸ்பிளிட் ஏ.சி. பழைய ஆர்-22 ஏ.சி.யைப் பொருத்தும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றை, கொஞ்சம் வாயுவைத் திறந்துவிட்டே தள்ளிவிடுவார்கள். மச்சானும் அப்படித்தான் பழகியிருந்தார். ஆர்-32-இல் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். போதாததற்குத் தீப்பிடிக்கும் தன்மையும் கொஞ்சம் உண்டு. அதைவிடப் பெரிய வித்தியாசம் கம்ப்ரசர் எண்ணெய். ஆர்-22-க்கு ஊற்றுவது கனிம எண்ணெய். ஆர்-32-க்கு வரும் செயற்கை எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். குழாயில் ஈரம் தங்கினால் அமிலம் உண்டாகி கம்ப்ரசருக்குள் சுற்றுக்கம்பியை அரிக்கும். கடலோரக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்ப் போட்டு, அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்கி, பம்பை அணைத்த பிறகும் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பின்தான் வாயுவைத் திறக்க வேண்டும். பழைய எண்ணெய் அவசர வேலையை மன்னித்தது. புதிய எண்ணெய் மன்னிக்காது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஐ.டி.ஐ. அல்ல, அப்ரண்டிஸாகப் போன தொழிற்சாலையில் ஒரு மேஸ்திரி. கேஜைப் பார்க்காமல் வாயுவைத் திறந்தவன் கையில் இருக்கும் வால்வு திறக்கும் சாவியைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். அன்றைக்கு முழுக்க அவன் தரை கூட்ட வேண்டியதுதான். அதனால்தான் பிள்ளைகளிடம் ஐ.டி.ஐ. சான்றிதழோடு நின்றுவிடாதே, அது பாதி வழி என்கிறேன். அப்ரண்டிஸ் முடித்துத் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கினால்தான் மீதியும் சேரும். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையும் பெரம்பூரும் அப்ரண்டிஸ் எடுக்கின்றன. ரயில்வேயின் அடிநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் எடுக்கின்றன. மத்திய அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவு செய்வது இலவசம். பதிவு செய்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

அப்ரண்டிஸும் முடித்தால் ஆயுளுக்கும் போதுமா? போதாது. தொழிற்கல்வி படித்தவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கிறது, வயது ஏற ஏற அந்த மேல்கை குறைகிறது என்று பதினொரு நாடுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. தொழில்நுட்பம் மாறும்போது குறுகலாகப் படித்தவன்தான் முதலில் திணறுகிறான். எங்கள் தொழிலில் வாயு மாறும்போது ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்கிறோம். ஓசோன் படலத்தைக் காக்கும் ஒப்பந்தத்தின்படி ஆர்-22-ஐ இந்தியா படிப்படியாக விட்டுக்கொண்டிருக்கிறது. இதற்காக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவு மெக்கானிக்குகளுக்கு இலவசமாகச் சிறு பயிற்சி நடத்துகிறது. ஒருநாள் கடையை மூட மனம் வராமல் பாதிப்பேர் போவதில்லை.

எந்த நிலையத்தில் சேர்ப்பது என்பதற்கு வருகிறேன். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஒரு தனியார் மையத்தில் பெரும் பணம் கட்டி மூன்று மாதம் ஏதோ படித்தான். பொன் எழுத்தில் மினுமினுக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுச் சுவரில் மாட்டலாம், வேறு எதற்கும் உதவாது. அதில் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவைக் குறிக்கும் என்.சி.வி.டி. என்றும் இல்லை, மாநிலக் குழுவைக் குறிக்கும் எஸ்.சி.வி.டி. என்றும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே, "இந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நிலையத்துக்கு அங்கீகாரம் இருக்கும், நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்காது. அந்த நுணுக்கத்தில்தான் ஏமாற்றுவார்கள். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் 750 ரூபாய், சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வருகிறது. ஆண்களுக்கு 40 வயதுவரை இடம் உண்டு. பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. மகனைச் சேர்க்க வந்த ஓர் அக்காவிடம் இதைச் சொன்னபோது, மகனைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "அப்படியென்றால் எனக்குத் தையல் பிரிவில் கிடைக்குமா?" என்று கேட்டார். கடல்பாசி எடுக்கப் போய்க் கால் முழுக்கப் பாறை கிழித்த தழும்பு அவருக்கு.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வருத்தம். கேட்காமலே கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவில் தள்ளிவிடுகிறார்கள். படித்து முடித்ததும் இராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, பஸ் காசு போக மிச்சம் சொற்பம். எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்த பெண்களுக்கு அப்ரண்டிஸ் அழைப்பு நன்றாகவே வருகிறது. "பெண் பிள்ளை கம்பத்தில் ஏறுமா?" என்று கேட்பவருக்கு, தொழிற்சாலையில் பேனல் போர்டு பொருத்துவதற்குக் கம்பம் ஏற வேண்டியதில்லை என்று யாராவது சொல்ல வேண்டும்.

கடலை விட மனமில்லாத பையனுக்கும் வழி இருக்கிறது. எங்கள் கரையில் அது பலருக்குத் தெரிவதில்லை. சிஃப்நெட் என்று மத்திய மீன்வளத் துறையின் பயிற்சி நிறுவனம்; தலைமையிடம் கொச்சி, கிளைகள் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும். கப்பல் ஓட்டுவதற்கு ஒரு பிரிவு, கடல் எஞ்சின் பிட்டர் பிரிவு ஒன்று, இரண்டும் இரண்டு வருடம். பத்தாம் வகுப்பில் கணிதத்திலும் அறிவியலிலும் தலா 40 சதவீதம் வேண்டும். நுழைவுத் தேர்வு உண்டு. முடித்து, கடலில் வேண்டிய காலம் வேலை பார்த்துவிட்டு, மீன்பிடிக் கப்பல் மேட், எஞ்சின் டிரைவர் ஆகிய தகுதித் தேர்வுகளை எழுதலாம். அப்பா சுக்கான் பிடித்துப் பழகிய அதே வேலைதான், ஆனால் இது எந்தத் துறைமுகத்திலும் செல்லும்.

கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இருக்கிறார், வளைகுடாவில் நெடுங்காலம் கண்காணிப்பாளராக இருந்தவர். நான் வெளிநாடு கிளம்புவதற்கு முன் அவரிடம் போனேன். முதலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குக் குடியேற்றச் சோதனை தேவையில்லை; தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும். மச்சான் மாட்டிக்கொண்டது இந்த விதியில்தான். பிறகு காக்கா ஏஜென்ட் பதிவு எண்ணைக் கேட்டார். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது விதி. "இலட்சக் கணக்கில் கேட்கிறவன் உன்னை வேலைக்கு அனுப்பவில்லை தம்பி, கடனுக்கு அனுப்புகிறான்" என்றார். அங்கே ஹெல்பர் விசாவுக்கும் டெக்னீசியன் விசாவுக்கும் சம்பளத்தில் இருக்கும் இடைவெளி கொஞ்சநஞ்சம் அல்ல. ஹெல்பர் விசாவில் போய்விட்டு அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றால், நடக்காது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சம்பளம்.

காகித விஷயத்தில் இன்னொன்று, அற்பமாகத் தெரியும், ஆனால் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். எங்கள் பக்கம் அப்பா பெயர் ஆதாரில் சவேரியார் என்றும், மதிப்பெண் பட்டியலில் சேவியர் என்றும், ஞானஸ்நானச் சான்றில் வேறொன்றாகவும் இருக்கும். ஐ.டி.ஐ. சேரும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சான்றிதழைத் தூதரக முத்திரைக்கு அனுப்பும்போது திருப்பி அனுப்பிவிடுவார்கள். விண்ணப்பம் போடும் மே மாதத்திலேயே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். முதலெழுத்து முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பது உட்பட.

ஜூன், ஜூலை இடைவெளிக்கு நான் கண்ட வழி ஒன்றே ஒன்று. பையனைக் கரையிலேயே ஒரு கடையில் உட்கார வைத்துவிடுங்கள். டீசல் மெக்கானிக் பிரிவில் சேரப் போகிறவன் படகு எஞ்சின் பட்டறைக்கு, வெல்டர் பிரிவுக்குப் போகிறவன் கிரில் கடைக்கு. என் கடைக்கு வருகிறவர்களுக்குக் கைச்செலவுக்குக் கொடுக்கிறேன். ஐஸ் பிளாண்டுக்குக் கூட்டிப்போய் அமோனியா கசிவு பார்க்கக் காட்டுகிறேன்: கந்தகத் திரியைப் பற்றவைத்து இணைப்புகளின் ஓரமாகக் கொண்டுபோனால், கசிகிற இடத்தில் திடீரென்று வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகையைப் பார்த்த பையன்கள் பெரும்பாலும் ஆகஸ்டில் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். பங்குப் பணத்துக்குப் போனவர்களைத்தான் திருப்ப முடிவதில்லை.

மச்சானைப் பற்றி முடிக்கவில்லை. படிக்காமல் தொழில் பிடித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் இருந்தால் ஐ.டி.ஐ. மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பிரிவுக்கு ஏற்பக் கல்வித் தகுதி மாறும் என்பதால் அவர் முதலில் பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேற வேண்டியிருந்தது. அதற்கே மதினி ஒரு வருடம் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். செய்முறைத் தேர்வில் அவருக்குச் சிரமம் இல்லை. எழுத்துத் தேர்வுக்குத்தான் ராத்திரி ராத்திரியாக என்னோடு உட்கார்ந்தார். எண்ணெய் ஏன் ஈரத்தை இழுக்கிறது என்று அப்போதுதான் பேசிக்கொண்டோம். அன்றிலிருந்து அவர் வேக்குவம் போடாமல் வாயுவைத் திறப்பதில்லை. சான்றிதழ் வந்த பிறகு ஒரு லாட்ஜின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு விலைப்புள்ளி கொடுத்தார். கணக்கர் சான்றிதழ் நகல் கேட்டார், கொடுத்தார், ஒப்பந்தம் கிடைத்தது. அதே லாட்ஜுக்கு முன்பு கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான்.

தனித்தேர்வர் அறிவிப்பு நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் சின்னதாக வரும்; சில நாள்தான் அவகாசம் இருக்கும். அனுபவச் சான்று வாங்க முதலாளியைத் தேடி அப்போது ஓடினால் நேரம் போதாது. அவர் கடையை மூடுவதற்கு முன்பே, இருக்கும்போதே, கடைத்தாளில் தேதியோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.